விசர் ஊசி போட்டாயிற்று, குட்டிக்கு இன்னும் ஊசி வேண்டுமா?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒருவர் கேட்டது இது. வீட்டில் பத்துக் கிழமை நாய்க்குட்டி ஒன்று, வாசல்படி தாண்டாத பூனை ஒன்று. வீதிக்கு வந்த சுகாதாரப் பிரிவினர் குட்டிக்கு இலவசமாக விசர் (ரேபிஸ்) ஊசி போட்டு அட்டையும் கொடுத்துவிட்டார்கள். இதற்குமேல் காசு கொடுத்து வேறு ஊசி போட வேண்டுமா, வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பூனைக்கும் தேவையா என்கிறார்.

இரண்டுக்கும் ஆம். நான் மிருக வைத்தியர் இல்லை. பாலையூற்றில் நாய் வளர்த்து, ஒன்றைப் பறிகொடுத்து, அதற்குப் பிறகு வைத்தியர்களைத் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். அவ்வளவுதான் என் தகுதி.

கிண்ணியாவில் இருந்து மச்சான் கொண்டுவந்து தந்த மண்ணிறக் குட்டி அது. ஆறு கிழமையில் முதல் ஊசி போட்டோம். மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்கள். நான் போகவில்லை. குட்டி துள்ளிக்கொண்டு திரிகிறது, போட்ட ஊசி போதாதா என்ற நினைப்பு. பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் விட்டேன். மூன்று மாதம் நெருங்கும்போது ஒருநாள் காலை சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. மத்தியானம் வாந்தி. இரவு இரத்தமாகக் கழிந்தது, அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பார்வோ. குடலைத் தாக்கும் வைரஸ் நோய் அது. சேலைன் ஏற்றியும் மூன்றாம் நாள் குட்டி போய்விட்டது. "ஊசி போட்ட குட்டிதானே?" என்று வைத்தியரிடம் சண்டைக்குப் போகாத குறை.

அவர் சொன்ன விளக்கத்தைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். தாய் நாயின் முதற்பாலில் இருந்து குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது குட்டியைக் காப்பாற்றும், ஆனால் நாம் போடும் ஊசி மருந்தையும் நோய்க்கிருமி என்று நினைத்து அழித்துவிடும். அந்தத் தாய்ச்சக்தி ஒரு குட்டிக்கு எட்டுக் கிழமையில் தீரும், இன்னொன்றுக்குப் பதினான்கு கிழமை வரை நிற்கும். வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறு கிழமை தாண்டும்வரை போடுகிறார்கள். மூன்று ஊசியும் சேர்ந்தால்தான் பலம் என்பதல்ல விஷயம். மூன்றில் எது பிடிக்கும் என்று தெரியாததால் மூன்றையும் போடுகிறோம். பதினாறு கிழமைக்குப் பிறகு போடும் கடைசி ஊசிதான் பெரும்பாலும் பிடிக்கிற ஊசி. நான் இரண்டாவதையே விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் இன்னொன்று போட்டுவிட்டால் பார்வோ, டிஸ்டெம்பர், ஈரல் அழற்சி மூன்றுக்கும் அப்புறம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பது உலக சிறு விலங்கு மிருக வைத்தியர் சங்கத்தின் பரிந்துரை.

விசர் ஊசி இலவசம் என்பதால் அது ஒன்றே போதும் என்று நம்மூரில் பலரும் நினைக்கிறார்கள். அது இலவசமாகக் கிடைப்பதற்கு முதல் காரணம் நாயல்ல, நாம். விசர் வந்த மனிதரைக் காப்பாற்ற மருந்து இல்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் வருடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல் இதனால் செத்தார்கள். இன்று அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்ததற்கு வீதி வீதியாக நாய்களுக்குப் போட்ட ஊசி பெரிய காரணம். ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி இருந்தால்தான் நோய் பரவாமல் நிற்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மீன் சந்தையையும் கோட்டையடியையும் சுற்றுகிற நாய்களை நினைத்துப் பாருங்கள், எழுபது லேசான எண்ணிக்கை இல்லை. ஆகவே அந்த ஊசி கட்டாயம், வருடா வருடம். உங்கள் குட்டிக்குப் பன்னிரண்டு கிழமைக்கு முன்பே போட்டிருப்பதால், அந்த வயது தாண்டியதும் இன்னொன்று போட வேண்டுமா என்று அட்டையைக் காட்டிக் கேளுங்கள். என் அனுபவத்தில் போடச் சொல்வார்கள். ஆனால் அந்த ஊசிக்குப் பார்வோவைத் தெரியாது.

டிஸ்டெம்பர் பற்றி ஒரு வார்த்தை. கண்ணிலும் மூக்கிலும் பீளை வடிந்து, பிறகு தலை வெட்டி, வாயில் நுரை தள்ளி, வலிப்பு வரும். இதைப் பார்த்து விசர் என்று அடித்துக் கொன்ற நாய்கள் எத்தனையோ. வெளியில் நின்று பார்க்கிற நமக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் கிட்டப் போகவும் கூடாது. கடித்தால் அது எந்த நாயாக இருந்தாலும், ஊசி போட்ட உங்கள் நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

எலிக்காய்ச்சல் ஊசியையும் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது எலியின் சிறுநீர் அதில்தான் கலக்கிறது, நாய் அதைத்தான் நக்குகிறது. நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றும். முதல்முறை இரண்டு ஊசி, பிறகு வருடத்துக்கு ஒன்று. மழைக்கு முன், ஆவணிக்குள் முடித்தால் நல்லது. தம்பலகாமம் மாதிரி வயல் பக்கம் உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பூனை. வீட்டுக்குள் கிடக்கிறது, சரி. நீங்கள் வெளியே போய் வருகிறீர்களே, செருப்போடு. பூனைக்கு வரும் பன்லுகோபீனியா பார்வோவின் ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டும் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். (குட்டி செத்த பிறகு வீடு முழுக்க பிளீச் கரைத்து ஊற்றினேன். சாதாரண பினாயிலுக்கு அது சாகாது. அடுத்த நாயைக் கடைசி ஊசி வரை போட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்குள் எடுத்தேன்.) பூனைக்குப் பன்லுகோபீனியாவோடு தடிமன் கிருமிகள் இரண்டும் சேர்ந்த மூன்று நோய் ஊசி இருக்கிறது. விசர் ஊசியும் தேவை. வீதிக்கு வருகிறவர்கள் பூனைக்கும் போடுவார்கள், ஆனால் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டதும் பூனை கூரைக்கு மேலே. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி முதல்நாள் இரவே பூனையை அறைக்குள் பூட்டிவைப்பார். காலையில் தலையணை உறைக்குள் கழுத்துவரை போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார். பரிசோதகர் சிரிப்பார், ஆனால் வேலை முடிந்துவிடும்.

மருந்தை மலிவாக வாங்கி வீட்டில் குத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இரண்டு முதல் எட்டுப் பாகை குளிரில் இருக்க வேண்டிய சாமான். திருகோணமலை வெயிலில் ஓட்டோவில் அரை மணித்தியாலம் கொண்டுவந்தால் மருந்து கெட்டுப்போகலாம், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஊசி போட்டபின் அரை மணித்தியாலம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், முக வீக்கம் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். ஒருநாள் சோர்ந்து கிடந்தால் பயப்பட வேண்டாம்.

உங்கள் குட்டிக்குப் பத்துக் கிழமை என்றால் இந்தக் கிழமை முதல் ஊசி, பதின்மூன்றில் அடுத்தது, பதினாறு முடிந்ததும் கடைசி. அதற்குப் பிறகும் இரண்டு கிழமை பொறுங்கள். அதுவரை உப்புவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோக ஆசையாக இருந்தால் கையில் தூக்கிக்கொண்டு போங்கள், மணலில் இறக்கிவிடாதீர்கள்.