கரண்ட் இல்லாத வெள்ள நாட்களில் கையால் துணிப்பை தைப்பது உண்மையிலேயே உதவுமா?

புயல், வெள்ளம் என்று வீட்டுக்குள் முடங்கும் நாட்களில் கையால் துணிப்பை தைப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை மனசைத் திசை திருப்ப மட்டும்தானா, பட்டன் தவிர எதுவும் தைத்துப் பழக்கமில்லாதவர் எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பட்டன் மட்டும் தைக்கத் தெரிந்த ஆளாகத்தான் இருந்தேன். நாலு நாள் கரண்ட் இல்லை, வாசல்படி வரைக்கும் தண்ணீர், தையல் மெஷின் மோட்டாரில் ஓடுவது, அதனால் அது ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த நாலு நாளில் ஐந்து பை தைத்தேன். அதில் முதல் பை இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அந்தக் கதையிலேயே தொடங்குகிறேன், ஏனென்றால் கற்றுக்கொண்டதில் பாதி அதில்தான் இருக்கிறது. கீழே இருந்த தண்ணீர் பாட்டில்களை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது, வீட்டில் இருந்த பிளாஸ்டிக் கவர்கள் எல்லாம் காதறுந்து போயிருந்தன. பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து, அதன் வாய்ப்பக்கத்தில் இரண்டு துணிக் கீற்றைக் கைப்பிடியாக வைத்து, ஊசியை மேலும் கீழுமாக விட்டு ஒரே ஓட்டமாகத் தைத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. இரண்டு லிட்டர் பாட்டில் மூன்று போட்டேன், அதாவது ஆறு கிலோ. பாதிப் படியில் ஒரு கைப்பிடி அப்படியே நூல் உருவிக்கொண்டு வந்தது, பாட்டில்கள் படியில் உருண்டு கீழே இருந்த தண்ணீரில் விழுந்து மிதந்தன. மேல் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இதுக்கு நீ கையிலேயே தூக்கிட்டு வந்திருக்கலாமே" என்றார். சரிதான்.

துணி கிழியவில்லை, கைப்பிடியும் கிழியவில்லை, தையல்தான் போனது. நான் போட்டது ஓட்டுத் தையல். அதில் ஒரே நூல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் அறுந்தால் இழுக்க இழுக்க மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். பைக்கு வேண்டியது பின் தையல். ஊசி மேலே வந்ததும் முன்னால் போகாமல் ஒரு தையல் நீளம் பின்னால் குத்தி, துணிக்குக் கீழே இரண்டு தையல் நீளம் முன்னால் வந்து எழ வேண்டும், மறுபடி ஒரு தையல் நீளம் பின்னால். இப்படி ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் பக்கத்தில் இருப்பது அவ்வளவு சீக்கிரம் விடாது. தையல் நீளம் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று என்று கண்ணளவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பொடியாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைத்து ஒரு பையில் உயிரை விட்டேன், மெல்லிய துணியில் அத்தனை ஓட்டையும் ஒரே கோட்டில் விழுந்ததால் கிழிக்கும் வரி போட்ட காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

நூல் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, வெளியே போய் வாங்க முடியாத நாள் அல்லவா. பின் தையலுக்குத் தைக்கும் நீளத்தைப்போல் மூன்று மடங்கு நூல் போகும். இரட்டை நூலில் தைத்தால் ஆறு மடங்கு. ஒரு மீட்டர் நீளத் துணியை நடுவில் மடித்து, மேல் விளிம்புக்கு இருபக்கமும் நாலு சென்டிமீட்டர் விட்டுவிட்டால் பையின் உயரம் சுமார் 46 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தையல், மொத்தம் 92 சென்டிமீட்டர், இரட்டை நூலில் ஐந்தரை மீட்டர். முந்நூறு தையல் சொச்சம். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, பழகியவர்களுக்கு இதில் பாதி ஆகும். நூலை மொத்தமாக நீளமாக வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள், சிக்கு விழுந்து அதை எடுப்பதிலேயே வெளிச்சம் போய்விடும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. மெழுகுவத்தியின் மேல் நூலை ஒருமுறை இழுத்துக்கொண்டால் சிக்கு குறையும். நூல் தீர்ந்தால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் இருக்கிறதா என்று பாருங்கள், நைலான், நல்ல பலம், என் மூன்றாவது பையின் கைப்பிடி முழுக்க அதில் தைத்ததுதான், இன்றைக்கும் புதினா வாசனை போகவில்லை.

மடித்த துணியில் அடிப்பக்கம் தையலே வராது, மடிப்பே அடி. இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன், எடை மொத்தமும் உட்காரும் இடத்தில் தையல் இல்லாமல் இருப்பது எப்போதும் நல்லது. பக்கத் தையலுக்குத் துணியின் கரை, அதாவது நெய்யும்போதே கெட்டியாக முடிந்து வரும் நீளவாட்டு ஓரம், கிடைத்தால் அதையே பக்கத்தில் வரும்படி வெட்டுங்கள், கரையில் நூல் பிரியாது, மடக்கித் தைக்கும் வேலை மிச்சம். கரை இல்லாவிட்டால், முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி அரை சென்டிமீட்டர் உள்ளே தைத்து, பையைத் திருப்பி, அந்தப் பிசிறு உள்ளே அடங்கும்படி ஒரு சென்டிமீட்டரில் இன்னொரு தடவை தைப்பது ஒரு முறை. அழகாக இருக்கும், பலமாகவும் இருக்கும், ஆனால் வேலை இரட்டிப்பு. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் வேண்டாம். பிசிறு தொங்கட்டும்.

பையை நிற்க வைக்க ஆசை என்றால், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, அடி மூலையைப் பக்கத் தையலும் அடி மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி முக்கோணமாகப் பிடித்து, நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி குறுக்கே தையுங்கள். அந்தக் குறுக்குக் கோடு பத்து சென்டிமீட்டர் வரும், பைக்கு அவ்வளவு அகலத்தில் ஒரு அடிப்பாகம் கிடைத்துவிடும். பாட்டில்கள் சாயாமல் நிற்கும்.

கைப்பிடிக்கு வருகிறேன், பை போவது எப்போதும் இங்கேதான். பத்து சென்டிமீட்டர் அகலக் கீற்றை இரு ஓரமும் நடுவுக்கு வரும்படி மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் நாலு அடுக்கில் இரண்டரை சென்டிமீட்டர் பட்டை கிடைக்கும். கீற்றைத் துணியின் நீளவாட்டில், கரை ஓடும் திசையிலேயே வெட்டுங்கள். குறுக்காகவோ சாய்வாகவோ வெட்டினால் எடை ஏற ஏற இழுபட்டு நீண்டுகொண்டே போகும். அதன் முனையைப் பையின் மேல் விளிம்பில் மட்டும் தைத்தால் என் பாட்டில் கதைதான். நாலு சென்டிமீட்டராவது கீழே இறக்கி, ஒரு சிறிய பெட்டி போலச் சுற்றித் தைத்து, பெட்டிக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட வேண்டும். நூல் முடியும் இடத்தில் முடிச்சை மட்டும் நம்பாதீர்கள், அதே இடத்தில் மூன்று குட்டித் தையல் போட்டுவிட்டு வெட்டுங்கள். நிஜமாகவே கனமான சாமான் தூக்க வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது, பட்டையைப் பையின் அடியைச் சுற்றி ஒரே வளையமாக ஓட்டிவிடுவது, முன்பக்கம் ஏறி, கைப்பிடியாக வளைந்து, இறங்கி, அடி வழியாகப் பின்பக்கம் போய் அதே மாதிரி. மூன்று மீட்டர் பட்டை வேண்டும், பல துண்டுகளை இணைத்துக்கொள்ளலாம். எடையைப் பட்டையே தாங்கும், தையலுக்குப் பட்டையை இடத்தில் பிடித்து வைக்கும் வேலை மட்டும்தான்.

ஆனால் வெள்ள நாளுக்கு மிகவும் பயன்பட்டது இதில் எதுவுமே இல்லை, ஒரு குறுக்குப் பை. தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு வரும் ஒற்றைப் பட்டை, அவ்வளவுதான். தண்ணீரில் நடக்கும்போது ஒரு கை குச்சிக்கு வேண்டும், அடி தெரியாத இடத்தில் குத்திப் பார்த்துத்தான் கால் வைக்க முடியும், இன்னொரு கை குழந்தைக்கோ சுவருக்கோ. கையில் தொங்கும் பை அங்கே இடைஞ்சல். மருந்து, கண்ணாடி, சார்ஜர், சாவி, அத்தியாவசியக் காகிதங்கள் என்று எல்லாம் அதில் போய்விட்டன. துணிப்பை தண்ணீரை நிறுத்தாது, அதனால் காகிதங்களை முதலில் பிளாஸ்டிக்கில் சுற்றி வாய் கட்டி, பிறகு பையில் போடுங்கள். நான் அவசரத்தில் ஒரு கவரைக் கட்ட மறந்துவிட்டேன், அதற்கப்புறம் ஒரு வாரம் சான்றிதழ்கள் கொடியில் காய்ந்தன.

என்ன துணி என்று கேட்டால், இழுபடாத எதுவும். பழைய பனியன் துணி வேண்டாம். பழைய படுக்கை விரிப்பில் நடுப்பகுதிதான் தேய்ந்திருக்கும், ஓரங்களில் வெட்டுங்கள். அவசரத்துக்கு ஜீன்ஸ் காலை வெட்டுவதுதான் ராஜ வழி, இரண்டு பக்கமும் ஏற்கெனவே தைத்தே வருகிறது, அடியை மூடி ஒரு பட்டை வைத்தால் முடிந்தது. தடித்த துணியில் ஊசி இறங்காமல் அடம்பிடித்தால் அதை ஒரு தடவை சோப்புக் கட்டியில் தேய்த்துவிட்டுக் குத்துங்கள். ஊசியைத் தள்ள விரலில் மாட்டும் தொப்பியான திம்பிள் இல்லாவிட்டால் நடுவிரலில் பிளாஸ்டர் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் சமாளித்தேன்.

வெள்ளத் தண்ணீரில் ஊறிய துணியை மட்டும் அப்படியே எடுத்துத் தைக்காதீர்கள். அந்தத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். சோப்புத்தூள் போட்டு, முடிந்தால் வெந்நீரில் துவைத்து, முழுக்கக் காய வைத்த பிறகுதான். ஈரமாகவே குவித்து வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், பூஞ்சை தின்ற பருத்தித் துணி பார்க்க நன்றாக இருந்தாலும் இழுத்தால் கையோடு வரும். இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், சத்தம் வந்தால் தூக்கிப் போடுங்கள். அதே தண்ணீரில் நின்றுவிட்டு வந்து ஊசியால் குத்திக்கொண்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால், அழுக்குப் பட்ட காயத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கலாம், மருத்துவ உதவி கிடைத்ததும் கேட்டுவிடுங்கள்.

வெளிச்சம் பற்றி ஒன்று. பகலில் தையுங்கள். காற்று அடிக்கும்போது ஜன்னல் கண்ணாடி பக்கம் உட்காராதீர்கள், மெழுகுவத்திக்குப் பக்கத்தில் மடி நிறையத் துணியோடு உட்காருவது அதைவிட மோசம். டார்ச் பேட்டரியைத் தையலுக்குச் செலவழிப்பதா என்று எங்கள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது, நியாயம் என் பக்கம் இல்லை. ராத்திரி தைத்தே ஆகவேண்டும் என்றால் கறுப்புத் துணியில் வெள்ளை நூல், அழகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஊசியில் நூல் கோர்ப்பதுதான் இருட்டில் பெரும்பாடு, அதற்கு அம்மா சொன்ன யோசனை: பகலிலேயே நூல்கண்டின் நுனியில் ஐந்தாறு ஊசிகளை மணி கோர்ப்பதுபோல் வரிசையாகக் கோர்த்து வைத்துவிட வேண்டும். தேவைப்படும்போது முதல் ஊசியோடு நூலை இழுத்து வெட்டிக்கொண்டால் மற்றவை நூலிலேயே வழுக்கிக்கொண்டு பின்னால் நிற்கும்.

சரி, மனசுக்கு? தைத்தால் நிம்மதி வரும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் ராத்திரி காற்று ஊளையிட்டபோது நான் தைக்கவில்லை, யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. இரண்டாம் நாள் மழை நின்று நின்று பெய்தபோது, தண்ணீர் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையை எடுத்து உட்கார்ந்த பிறகு, இந்தப் பக்கத் தையல் முடிந்ததும் பார்க்கலாம் என்று ஆனது. அரை மணிக்கு ஒருமுறை பார்த்தேன். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பயம் போகவில்லை, ஆனால் தண்ணீரும் நான் பார்ப்பதால் இறங்கப் போவதில்லையே. ஆரம்பத்தில் "இப்ப இது ரொம்ப முக்கியமா?" என்று எரிந்து விழுந்த என் தம்பியும் சாயங்காலம் பட்டைக்குத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு விஷயத்தில் அவன் கேட்டது சரி. குடிதண்ணீர் பிடித்து வைப்பது, சாமானை மேலே ஏற்றுவது, போனில் சார்ஜ் இருக்கும்போதே சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வது எல்லாம் முடிந்த பிறகுதான் ஊசியைத் தொட வேண்டும். வெளியேறச் சொன்னால் பாதித் தையலில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.

தைத்துவிட்டு எழும் முன் ஊசிகளை மட்டும் எண்ணிவிடுங்கள். இருட்டு வீடு, எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறார்கள், ஈரத் தரையில் விழுந்த ஊசி கண்ணில் படாது. மூன்றாம் நாள் எனக்கு ஒன்று குறைந்தது. ஐந்து பேர் முட்டி போட்டுத் தரையைத் தடவித் தேடினோம், கிடைக்கவில்லை, அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று கதவைச் சாத்தி, இருக்கிற இடத்தில் இன்னும் நெருக்கிப் படுத்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டாவது பையைத் துவைத்துப் பிழியும்போது என் உள்ளங்கையில் ஏறியது. மேல் விளிம்பு மடிப்புக்குள் அதையும் சேர்த்து வைத்துத் தைத்திருக்கிறேன்.