சம்பளத்துக்கு முன்னால் ரோஸ்டரைக் கேளுங்கள்

அம்மா, வணக்கம்.

மகனுக்கு ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்து மொரான்பாவில், நிலக்கரிச் சுரங்க வண்டிகளைப் பழுது பார்க்கும் டீசல் ஃபிட்டர் வேலை கிடைத்திருக்கிறது. மருமகளையும் பேத்தியையும் கூட அனுப்பலாமா, அது ஊரா காடா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்தான் அம்மா, நல்ல ஊர். ஆனால் நமக்குப் பழக்கப்பட்ட மாதிரி ஊர் அல்ல.

கடலோர நகரமான மக்காயிலிருந்து ஏறக்குறைய 200 கி.மீ. உள்ளே தள்ளி, சுரங்கங்களுக்காகவே 1970 வாக்கில் கட்டிய ஊர் அது. அந்த வட்டாரத்தில் வெட்டுவது பெரும்பாலும் இரும்பாலைக்கான கரி. நம் நாட்டு உருக்காலைகளும் அதை நிறைய வாங்குகின்றன. ஜனத்தொகை 9,000 சொச்சம். ஆண்கள் கொஞ்சம் கூடுதல். வேலை செய்யும் வயதுக்காரர்களும் சின்னக் குழந்தைகளும்தான் எங்கும் கண்ணில் படுவார்கள். பலரும் ஓய்வு பெற்றதும் கடற்கரைப் பக்கம் போய்விடுவதால் முதியவர்கள் குறைவு. பேத்திக்கு விளையாட ஆள் கிடைக்கும். மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியம்மா பக்கத்து வீட்டில் கிடைக்க மாட்டார். மகன் சொன்ன சம்பளத் தொகையைவிட இதைத்தான் நீங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரோஸ்டர், அதாவது வேலை நாள் முறை. ஏழு நாள் வேலை, ஏழு நாள் லீவு என்பது அந்தப் பக்கம் சகஜம். ஷிஃப்ட் 12 மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல். கேட்டில் நுழையும்போதே ஊதிக் காட்டச் சொல்வார்கள். முந்தின இரவு குடித்தது மிச்சமிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகல் முழுக்கத் தூங்கியாக வேண்டும். ஜன்னல்களுக்கு உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டி இருட்டாக்கிய படுக்கையறைகள் அங்கே சாதாரணம். அந்த வாரம் வீட்டில் டி.வி. சத்தம்கூடக் கூடாது, குழந்தையை மருமகள்தான் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அடுத்த வாரம் முழுக்க அப்பா வீட்டில் இருப்பார். நம் ஊரில் எந்தத் தொழிலாளிக்கும் கிடைக்காத நேரம் அது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு மனைவி மனசார ஒத்துக்கொண்டால் குடும்பம் நன்றாக ஓடும்.

ஒரு முக்கியமான விஷயம். 'மொரான்பா வேலை' என்று எழுதியிருந்தாலும் ஊரில் குடியிருக்கும் வேலையா, விமானத்தில் வந்து போகும் வேலையா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால் கம்பெனி முகாமில் 'டோங்கா' என்று சொல்லும் ஒற்றை அறைதான், கட்டில், ஏ.சி., குளியலறை, அவ்வளவே. குடும்பம் அங்கே தங்க முடியாது. திருச்செங்கோட்டுக்காரரான உங்களுக்கு இது புரியும்: போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவர் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகும் வாழ்க்கை. சில சுரங்கங்களில் ஆள் அத்தனை பேரையும் இப்படியே வெளியிலிருந்து கொண்டுவந்ததால் ஊர்கள் வெறிச்சோடின. பெரிய சுரங்கங்கள் அருகிலுள்ள ஊர்க்காரர்களை அடியோடு ஒதுக்கக் கூடாது என்று குவீன்ஸ்லாந்து 2017-இல் சட்டமே போட்டது. ஆகவே குடியிருக்கும் வேலையைக் கேட்டு வாங்குவதில் தயக்கமே வேண்டாம்.

வீடு கம்பெனி தருகிறதா, வாடகையில் பங்கு தருகிறதா என்பது எழுத்தில் வரட்டும். அங்கே வாடகை வாரக் கணக்கு. 2011, 2012-இல் கரி விலை ஏறியிருந்தபோது அந்த ஊரில் வாரம் 2,000 டாலர் வரை போனது, பிறகு சரிந்தது. வீடு வாங்கிப் போட்டவர்கள் நொடித்தார்கள். முதல் சில வருஷம் அங்கே சொந்த வீடு என்ற பேச்சே வேண்டாம்.

மருமகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. 482 விசாவில், அதாவது கம்பெனி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில், போகிறவரின் மனைவி அங்கே வேலை பார்க்கலாம், தடையில்லை. ஆனால் அவர் படித்திருக்கும் ஐ.டி. வேலை அந்த ஊரில் கிடைக்காது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலையாக இருந்தால் தொடரலாம். குழந்தைக் காப்பகத்தில் இடத்துக்குத் தட்டுப்பாடு, அங்கே வேலை செய்ய ஆளுக்கும் தட்டுப்பாடு. காப்பகப் பணிக்கான படிப்பை அவர் யோசிக்கலாம். காரோட்டவும் கட்டாயம் பழகட்டும். ஊரில் சின்ன ஆஸ்பத்திரி உண்டு. பெரிய வைத்தியத்துக்கு மக்காய்தான். பொழுது சாய்ந்தால் அந்தச் சாலையில் கங்காரு குறுக்கே பாயும்.

ஆபத்தையும் மறைக்க மாட்டேன். 2020 மே மாதம் மொரான்பா அருகே கிராஸ்வெனர் நிலத்தடிச் சுரங்கத்தில் வெடித்து ஐந்து பேர் படுகாயமடைந்தார்கள். ஒழிந்துவிட்டது என்று நினைத்த கரித்தூசி நுரையீரல் நோய் 2015-இல் அம்மாநிலத்தில் மறுபடி கண்டறியப்பட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனை கட்டாயம். திறந்தவெளிச் சுரங்கமா, நிலத்தடியா என்று மகனிடம் கேளுங்கள்.

"நம்ம ஆளுங்களை மதிப்பாங்களா" என்ற கேள்விக்குப் பதில் பிலோயிலாவில் இருக்கிறது. அதே மாநிலத்தில் கரிச் சுரங்கமும் இறைச்சி ஆலையும் உள்ள சின்ன ஊர். அங்கே வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் அதிகாரிகள் விடியற்காலையில் பிடித்துப் போனார்கள். ஊர்க்காரர்கள் நான்கு வருஷம் விடாமல் போராடி, 2022 ஜூனில் அவர்களைத் திரும்ப வரவழைத்தார்கள். எல்லா ஊரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் வாரக் கடைசி ரக்பி மைதானத்திலும் பள்ளி வாசலிலும் முகம் காட்டிப் பழகுகிறவரைச் சின்ன ஊர் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளும்.

ஸ்பான்சர்ஷிப்புக்கு என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படிப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் ஆஸ்திரேலியச் சட்டப்படி தவறு. விசா ஏஜென்ட் அங்கே பதிவு பெற்றவரா என்பதை, அவர்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான 'ஓமாரா'வின் (OMARA) இணையதளத்தில் மகனே பார்த்துவிடலாம்.

மகன் முதலில் போய் வீட்டை உறுதி செய்து, ஒரு நைட் ஷிஃப்ட் சுற்றையாவது முடித்த பிறகு இருவரையும் அழைத்துக்கொள்ளட்டும். ஜூன் 30-க்குள் ஐந்து வயது முடியும் குழந்தையை அந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் 'பிரெப்' என்ற, ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பில் சேர்ப்பார்கள். பேத்தியின் பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் போய் உடனிருக்க நினைத்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தோதான காலம், வெயில் தணிந்திருக்கும்.