எல்லா வாடிக்கையாளருக்கும் 2147483647 என்ற போன் நம்பரா?

கேள்வி: கடைக்கு நானே ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினேன், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். யாருடைய மொபைல் நம்பரைப் போட்டாலும் 2147483647 என்றே பதிவாகிறது. வைரஸா? அது என்ன எண்?

வைரஸ் இல்லை. போன் நம்பர் ஃபீல்டுக்கு 'இன்ட்' (முழு எண்) என்று வகை கொடுத்திருப்பீர்கள். அதற்கு 32 பிட் இடம், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 32 கட்டங்கள். ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸா என்பதற்குப் போய்விடும். மீதி 31 பிட்டிலும் 1 போட்டு நிரப்பினால் வருவதுதான் இந்த எண்: 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் மொபைல் நம்பர்களோ 6, 7, 8, 9-இல் தொடங்குபவை. எண்ணாக வாசித்தால் எல்லாமே 600 கோடிக்கு மேல். படிக்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் தலைதட்டி ஒரு படி என்று எழுதிக்கொள்கிறது டேட்டாபேஸ். வரம்பு மீறியதை ஏற்காத 'ஸ்ட்ரிக்ட் மோடு' ஆனில் இருந்திருந்தால் முதல் நம்பரிலேயே எரர் காட்டியிருக்கும்.

பலரும் உடனே 'அன்சைன்டு' (மைனஸ் இல்லாத வகை) ஆக்கிப் பார்ப்பார்கள். பயனில்லை, அதன் உச்சவரம்பு 4294967295 தான். இன்னும் பெரிய எண்களுக்கான 'பிக்இன்ட்' கொள்ளும், ஆனால் முன்னால் வரும் 0, +91 எல்லாம் காணாமல் போகும். போன் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அதனால் 'வார்சார்' 20 என்று எழுத்தாகவே வையுங்கள்.

சரி, எண்ணுக்கு வருவோம். இது ஒரு பகா எண். 1772-இல் கணித மேதை ஆய்லர் கையாலேயே கணக்குப் போட்டு நிறுவினார். இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் ஆயிரக்கணக்கில் வகுத்தல். ஆனால் இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரமுடியும். அந்தச் சல்லடையில் சலித்தால் முதலில் நிற்கும் பகா எண் 311, அடுத்தது நேரே 1303! இடையில் எதையும் தொட வேண்டாம். இப்படி 46340 வரை போனால் போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

உச்சவரம்பு என்பதாலேயே பகா எண் ஆகிவிடாது. சிறிய எண்களுக்கான 'ஸ்மால்இன்ட்' வகையின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. நம் எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைந்தது, 32767 2-இன் 15-ஆம் அடுக்கில் 1 குறைந்தது. அங்கே அடுக்கு 15, அதாவது 3 × 5. அடுக்கு பகு எண்ணானால் விடையும் பகு எண்தான். 31 பகா எண். அதுவும் வாய்ப்பைத்தான் தரும், உத்தரவாதம் இல்லை: 11-ஐ அடுக்காக வைத்தால் 2047 வரும், அது 23 × 89.

ஒரு வேடிக்கை: அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தின் ஏரியா கோட் 214. அங்கே இது அசல் போன் நம்பர் போலவே தெரியும்.

ஏற்கெனவே இப்படிப் பதிவானவற்றை டேட்டாபேஸிலிருந்து மீட்க வழியில்லை. ஃபீல்டை மாற்றிவிட்டு, 2147483647 உள்ள வரிகளை மட்டும் தேடி எடுத்து, பழைய பில் பிரதிகளைப் பார்த்து நம்பர்களை மறுபடி ஏற்றுங்கள்.