முதல் பேட்ச் அனுப்பப் போகிறவர்களுக்கு: கேள்விகளும் பதில்களும்

ஒரு ஓப்பன் சோர்ஸ் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) லைப்ரரியை, அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, 11 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வேறு சில திட்டங்களுக்கும் அவ்வப்போது பேட்ச் (நிரலில் செய்த திருத்தம்) அனுப்புவதுண்டு. நிரல் பங்களிக்கப் புதிதாக வருகிறவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி): அக்கா, பைத்தான் ஓரளவு வரும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போய்ப் பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. எந்த புராஜெக்டில் ஆரம்பிக்கட்டும்?

பதில்: தினமும் நீ பயன்படுத்துகிற ஒன்றில் ஆரம்பிம்மா. எடிட்டராக இருக்கலாம், அசைன்மென்ட்டில் இம்போர்ட் செய்கிற லைப்ரரியாக இருக்கலாம். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது உனக்கு ஏற்கெனவே தெரியும். அது தெரியாமல் வழு (பக்) திருத்தப் போனால் இருட்டில் துழாவ வேண்டியதுதான்.

எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்று பார்க்காதே. மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகளை (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கைகளை) திற. வெளியாள் ஒருவர் அனுப்பியது கடைசியாக எப்போது மெர்ஜ் ஆனது (மூலநிரலில் சேர்ந்தது), பதில் வர எத்தனை நாள் பிடித்தது, பதிலில் மரியாதை இருந்ததா என்று பார். பத்து நிமிட வேலை. ஆறு மாதமாக ஒன்றுகூட உள்ளே போகாத இடத்தில் உன் முதல் உழைப்பைப் போடாதே.

பிறகு 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பை முழுக்கப் படி. மூலநிரல் திறந்திருப்பதாலேயே பங்களிப்புக்கும் கதவு திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்: பப்ளிக் டொமைனில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் நிரலை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறார்கள்.

கேள்வி: 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற வழு அல்லது வேலைப் பதிவு) என்று லேபிள் போட்டதெல்லாம் கொஞ்ச நேரத்திலேயே யார் கைக்கோ போய்விடுகிறது. ஐந்தாறு இடங்களில் "எனக்கு அசைன் செய்யுங்கள்" என்று எழுதிப் பார்த்தேன், பலனில்லை.

பதில்: அந்த வரியை இனி எழுதாதீர்கள். என் அனுபவத்தில் அப்படிக் கேட்டுவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்ததில்லை. அதனால் பராமரிப்பவர்களுக்கு அந்த வரி கண்ணில் படுவதே இல்லை.

லேபிள் நல்ல ஏற்பாடுதான். ஃபயர்ஃபாக்ஸில் 'குட் ஃபர்ஸ்ட் பக்' இருக்கிறது, லிப்ரேஆபிஸில் 'ஈஸி ஹேக்ஸ்' இருக்கிறது, இரண்டும் பலரைக் கைபிடித்து உள்ளே கொண்டுவந்திருக்கின்றன. ஆனால் கூட்டமும் அங்கேதான். நான் காட்டுவது வேறு வழி. லேபிள் எதுவும் இல்லாத, ஒரு வருடத்துக்கு முன் யாரோ பதிந்துவிட்டுப் போன வழு அறிக்கை ஒன்றை எடுங்கள். இன்றைய மூலநிரலை பில்டு செய்து (இயங்கும் செயலியாக்கி), அந்த வழு இன்னும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா? எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு என்று குறித்து, "இப்போது வரவில்லை" என்று எழுதுங்கள். ஒரு இஷ்யூவை மூட உதவியிருக்கிறீர்கள். வருகிறதா? யார் செய்தாலும் வரும்படி, மிகக் குறைந்த படிகளில் அதை எழுதிவையுங்கள்.

முன்பு சரியாக வேலை செய்து இடையில் கெட்டுப்போனது என்றால் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் 'கிட் பைசெக்ட்' கட்டளை இருக்கிறது. நன்றாக இருந்த ஒரு கமிட் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்), கெட்டுப்போன ஒரு கமிட் இரண்டையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். "சரி", "சரியில்லை" என்று நீங்கள் சொல்லச் சொல்ல எல்லை பாதி பாதியாகக் குறையும். இடையில் 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி கமிட் கையில் கிடைத்துவிடும். அந்தக் கமிட்டின் பெயரை இஷ்யூவில் எழுதிப் போட்டீர்கள் என்றால், அதுவரை யாரும் தொடாத இஷ்யூவில் மூத்தவர்களே வந்து பேசுவார்கள். எங்கள் லைப்ரரியில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, அந்த வழுவால் தோற்றுப்போகும் ஒரு டெஸ்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் சிறு நிரல்) எழுதுவது. இதுவரை வந்துவிட்டீர்கள் என்றால் எந்தக் கோப்பு, எந்த ஃபங்ஷன் என்பதெல்லாம் தெரிந்திருக்கும், திருத்தம் பல நேரம் நாலைந்து வரிதான். திருத்தத்தை வேறொருவர் எழுதினாலும் உங்கள் டெஸ்ட் உள்ளே போகும். என்னைக் கேட்டால், திருத்தத்தைவிட அந்த டெஸ்ட்தான் பெரிய பங்களிப்பு. அதே வழு மறுபடி தலைதூக்காமல் காவல் நிற்பது அதுதானே.

கேள்வி: ரீட்மீயில் (திட்டத்தின் அறிமுகக் குறிப்புக் கோப்பில்) சொன்னபடியே செய்தும் பில்டு ஆகவில்லை. இரண்டு நாளாகிறது.

பதில்: எந்தப் படியில் நின்றது, என்ன பிழை வந்தது, எதைச் செய்தபின் சரியானது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். சரியானதும் அந்தக் குறிப்பை வைத்து ரீட்மீயைத் திருத்தி அனுப்புங்கள், அதுவே உங்கள் முதல் புல் ரிக்வெஸ்ட். பழையவர்களின் கணினியில் எல்லாம் முன்பே நிறுவியிருக்கும், விட்டுப்போன படி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. புதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

கேள்வி: எழுத்துப்பிழை திருத்துவதெல்லாம் பங்களிப்பா?

பதில்: படிப்பவரைக் குழப்பும் பிழை என்றால் பங்களிப்புதான். எண்ணிக்கைக்காகச் செய்தால் பாரம். 2020 அக்டோபரில் பங்களிப்பவர்களுக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு நடந்தபோது, இலவச டி-ஷர்ட்டுக்காக ரீட்மீயில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிய புல் ரிக்வெஸ்ட்டுகள் வந்து குவிந்தன. விரும்பும் ரெப்போக்கள் (திட்டங்களின் நிரல் களஞ்சியங்கள்) மட்டும் சேரலாம் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

கேள்வி: முதல் புல் ரிக்வெஸ்ட்டிலேயே இருபது கமென்ட். நான் எழுதியது அவ்வளவு மோசமா? மனசே விட்டுப்போச்சு அக்கா.

பதில்: இல்லை தம்பி. இருபது இடத்தில் நிறுத்தி ஒருவர் எழுதியிருக்கிறார் என்றால், உன் நிரலை வரி வரியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். சேர்க்கும் எண்ணம் இல்லாதவர் அவ்வளவு நேரம் செலவழிக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. ஒப்புக்கொண்டால் திருத்திவிட்டுச் "செய்துவிட்டேன்" என்று சொல். ஒப்பவில்லை என்றால் காரணத்தைச் சொல், அதற்கும் உனக்கு உரிமை உண்டு.

என் முதல் பேட்ச்சில் உண்மையான திருத்தம் ஆறு வரி. ஆனால் என் எடிட்டர் கோப்பு முழுவதிலும் டேபை ஸ்பேஸாக மாற்றிவிட்டது. எதிரே இருந்தவருக்குத் தெரிந்தது 900 வரி மாற்றம். அதற்குள் ஆறு வரியை அவர் எப்படித் தேடுவார்? பொறுமையாக, "வடிவமைப்பை விட்டுவிட்டுத் திருத்தத்தை மட்டும் அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். அனுப்பினேன், மறுநாளே மெர்ஜ் ஆனது. அன்றிலிருந்து அனுப்பும் முன், மாறிய வரிகளைக் காட்டும் 'கிட் டிஃப்' போட்டு, நான் கைவைக்காத வரி ஒன்றாவது அதில் வருகிறதா என்று பார்க்காமல் விடுவதில்லை. நீயும் பார்.

கேள்வி: மூன்று வாரமாக என் புல் ரிக்வெஸ்ட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நினைவூட்டினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

பதில்: மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு வரி எழுதலாம். வெறும் "பார்த்தீர்களா?" வேண்டாம். உங்கள் மாற்றத்தைப் புதிய மெயின் பிராஞ்சின் (திட்டத்தின் முதன்மைக் கிளையின்) மேல் ரீபேஸ் செய்து, அதாவது மறுபடி பொருத்தி, டெஸ்ட் எல்லாம் ஓடுகிறது என்று சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான திட்டங்களில் ரிவியூ செய்கிறவர்கள் வேலை, குடும்பம் எல்லாம் முடித்துவிட்டு இரவில் உட்காருகிறவர்கள். 40 வரி மாற்றத்தை அந்த இரவில் பார்த்துவிட முடியும், 600 வரியைத் தள்ளித்தான் வைப்பார்கள். பிரித்து அனுப்ப முடியுமானால் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களையும் ஏன் சந்தேகமாகவே பார்க்கிறார்கள்?

பதில்: 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் புரியும். ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீடு செய்யும் உரிமையையும் வாங்கிக்கொண்டார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். அதன் ஒரு பகுதி டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்-இன் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற நிரலாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது.

ஆகவே நீங்கள் ஒரு பைனரி கோப்பை (மனிதர் படிக்க முடியாத கோப்பை) சேர்த்தால் "இது எங்கிருந்து வந்தது, எப்படி உருவாக்கினீர்கள்?" என்று கேட்பார்கள். புதிதாக ஒரு லைப்ரரியை இழுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதைப் பயன்படுத்தப் போகும் முகம் தெரியாத மக்களுக்காகத்தான் கேட்கிறார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஃபோர்க் (என் சொந்த நகல்) எடுத்தேன், மெயினிலேயே கமிட் செய்தேன், இப்போது எல்லாம் சிக்கலாகிவிட்டது.

பதில்: இப்போதைய நிலையிலேயே புதுப் பெயரில் ஒரு பிராஞ்ச் எடுத்துவிடுங்கள், உழைப்பு பத்திரமாக இருக்கும். மூல ரெப்போவை 'அப்ஸ்ட்ரீம்' என்று சேர்த்து ஃபெட்ச் செய்து, உங்கள் மெயினை அதன் மெயினுக்கே ரீசெட் செய்யுங்கள். பிறகு புது பிராஞ்சை அதன் மேல் ரீபேஸ் செய்யுங்கள். இனி ஒரு திருத்தத்துக்கு ஒரு பிராஞ்ச், மெயினில் கை வைக்கவே வேண்டாம்.

கேள்வி: கமிட் மெசேஜில் என்ன எழுதுவது? நான் "ஃபிக்ஸ்" என்று மட்டும் போடுகிறேன்.

பதில்: என்ன மாற்றினீர்கள் என்பது டிஃப்பிலேயே தெரியும், ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். முதல் வரி 50 எழுத்துக்குள், ஒரு வரி இடைவெளி, பிறகு காரணம். "காலிக் கோப்பைத் திறந்தால் செயலி நின்றுவிடுகிறது, நீளம் பூஜ்யமா என்று பார்க்காமல் முதல் பைட்டைப் படிப்பதே காரணம்" என்று இருந்தால், ஐந்து வருடம் கழித்து, ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் 'கிட் பிளேம்' போட்டுப் பார்க்கிறவர் உங்களை வாழ்த்துவார்.

கேள்வி (எட்டு ஆண்டு ஜாவா அனுபவம்): நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பங்களிக்கலாமா? 'சைன்டு-ஆஃப்-பை' என்று கேட்கிறார்களே, அது என்ன?

பதில்: முதலில் உங்கள் பணி ஒப்பந்தத்தைப் படியுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்கிற ஷரத்து சில ஒப்பந்தங்களில் இருக்கும். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு வாருங்கள், வாய்ச்சொல் போதாது. 'சைன்டு-ஆஃப்-பை' வரியும் இதோடு தொடர்புடையதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நிரலின் உரிமை குறித்து நீதிமன்ற வழக்குகள் வந்தபின், 2004-இல் இந்த நடைமுறை வந்தது. "இந்த நிரலைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது" என்று நீங்கள் தரும் உறுதிமொழி அது. கமிட் செய்யும்போது '-எஸ்' சேர்த்தால் கிட் தானே எழுதிக்கொள்ளும். வேறு சில திட்டங்கள் தனி ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்கும். கையொப்பமிடும் முன் அதையும் படியுங்கள்.

கேள்வி: ஏஐ எழுதித் தந்த நிரலை அனுப்பலாமா?

பதில்: திட்டத்தின் விதி என்ன என்று பாருங்கள். ஜென்டூ, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டங்கள் 2024-லேயே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டன. அனுமதிக்கிற இடங்களிலும் என் அளவுகோல் ஒன்றுதான்: இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களால் சொந்தமாகப் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாது என்றால் அனுப்ப வேண்டாம். அனுப்பியவருக்கே புரியாத நிரலைச் சோதிக்கும் சுமை முழுவதும் சம்பளமில்லாமல் படிக்கிற ஒருவர் தலையில் விழுகிறது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கேள்வி: எடுத்த எடுப்பிலேயே லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். அங்கே புல் ரிக்வெஸ்ட் பட்டன் கிடையாது, மின்னஞ்சல்தான். கெர்னலுக்காகவே 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது கிட், அதனால் பேட்ச்சை அஞ்சலாக அனுப்பும் கட்டளையும் அதிலேயே இருக்கிறது. 'செக்பேட்ச்' ஓட்டி நடையைச் சரிபாருங்கள். யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை 'கெட் மெயின்டெய்னர்' சொல்லும். இரண்டும் கெர்னல் மூலத்தின் 'ஸ்கிரிப்ட்ஸ்' அடைவிலேயே உள்ளன. வெறும் உரை அஞ்சலாக அனுப்புங்கள். ஹெச்டிஎம்எல் அஞ்சல் என்றால் கெர்னல் மின்னஞ்சல் பட்டியலின் சர்வரே திருப்பிவிடும்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது என்று மூன்று பத்தி போதும். அங்கே எழுதுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது.

கேள்வி: இதில் பணம் கிடைக்குமா?

பதில்: 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி இரண்டும் புதியவர்களுக்கு உதவித்தொகையோடு வழிகாட்டியையும் தருகின்றன. முதலாவதில் 2022-லிருந்து மாணவர் அல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், வயது 18 ஆகியிருந்தால் போதும். விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் திட்டத்தில் ஒன்றிரண்டு பேட்ச் உள்ளே போயிருந்தால் நல்லது.

கேள்வி: என்னுடையதை மெர்ஜ் செய்யாமலே மூடிவிட்டார்கள். "இந்த வசதி இங்கே தேவையில்லை" என்றார்கள். எழுதியதை அழித்துவிடவா?

பதில்: அழிக்காதீர்கள், பிராஞ்ச் உங்கள் ஃபோர்க்கிலேயே இருக்கட்டும். உங்களுக்குத் தேவைப்பட்டுத்தானே எழுதினீர்கள், பயன்படுத்துங்கள். அடுத்த முறை புது வசதி என்றால் முதலில் ஒரு இஷ்யூ திறந்து, "இப்படிச் செய்ய நினைக்கிறேன், ஏற்பீர்களா?" என்று கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள். வழுத்திருத்தம் என்றால் கேட்கத் தேவையில்லை, நேராக அனுப்பலாம்.