சம்ப் பம்பு வாங்கும் முன் ஒரு பக்கெட்டை எடுங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்குள் சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து பம்பு வழியாகத் திரும்ப மேலே போகும் கீழ்த்தொட்டி, இருக்கிறது. 3000 எல்.பி.எச். (மணிக்கு 3000 லிட்டர்) என்று போட்டிருந்த பம்பை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து மாதத்தில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. மாதாமாதம் தொட்டி கழுவ வருபவர், 5000 எல்.பி.எச். பம்பு போட 4,500 ஆகும், டி.சி. பம்பு என்றால் 8,500 ஆகும் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள். பழைய பம்பு உண்மையிலேயே செத்துவிட்டதா என்று யாரும் திறந்து பார்த்ததாக உங்கள் கேள்வியில் இல்லை. முதலில் அதைப் பார்ப்போம்.

பிளக்கையே பிடுங்கிவிட்டுப் பம்பை வெளியே எடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. முன்பக்க மூடி திருகினால் கழன்று வரும். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு காந்த உருளை, அதன் தலையில் நாலைந்து பிளாஸ்டிக் இறக்கைகள் இருக்கும். அதுதான் ரோட்டர். இந்தப் பம்பில் சுற்றுகிற பாகம் அது ஒன்றுதான். காந்தம் பிடித்துக்கொண்டிருப்பதால் சுலபத்தில் வராது. இறக்கையைப் பிடித்து நேராக இழுங்கள், சாய்த்து இழுத்தால் நடுவில் இருக்கும் பீங்கான் கம்பி பென்சில் முனை மாதிரி முறிந்துவிடும்.

நம் பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றுகிற வீடு என்றால் அந்த உருளையின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். வெந்நீர் தவலையின் உள்பக்கம் படியுமே, அதே சுண்ணாம்புப் பொருக்கு. ரோட்டருக்கும் அது உட்காரும் குழிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மிகச் சிறியது. பொருக்கு அதை நிரப்பிவிட்டால் ரோட்டர் உரசும், பம்பு சூடாகும், ஒரு நாள் நின்றுவிடும். இறக்கைகளுக்கு நடுவில் பாசியும் மீன் கழிவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நூலாக வரும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ரோட்டரை ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, குழிக்குள்ளும் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். காந்தம் உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் மட்டும் ரோட்டரை மாற்ற வேண்டும். என்னிடம் 'செத்துப்போச்சு' என்று வரும் பம்புகளில் பெரும்பாலானவை இதற்குமேல் எதுவும் கேட்பதில்லை.

அடுத்து குழாய். பெரும்பாலான வீடுகளில் அரை இன்ச் டியூபை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு இன்ச் குழாயின் வாய் அரை இன்ச்சைவிட நாலு மடங்கு பெரியது. பம்பின் வாய் எவ்வளவோ அதே அளவுக் குழாயைக் கடைசி வரை கொண்டுபோங்கள். எல்போ வளைவுகளை முடிந்தவரை குறையுங்கள். இந்தக் குழாய் மாற்ற ஆகும் செலவு புதுப் பம்பு விலையில் ஒரு சிறு பங்குதான்.

சரி, இப்போது பக்கெட். பத்து லிட்டர் பெயின்ட் பக்கெட் ஒன்றை எடுத்து, தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற அதே உயரத்தில் இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீழே வைத்து அளந்தால் கணக்கு பொய்யாகிவிடும். எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று போனில் பாருங்கள். 36,000-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 36 நொடி என்றால் 1000 லிட்டர். 72 நொடி என்றால் 500.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? நாலு, ஒன்றரை, ஒன்றரையைப் பெருக்கினால் 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக 220 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு நாலைந்து முறை தண்ணீர் சம்ப் வழியாகச் சுற்றினால் போதும். ஆக 900 முதல் 1100 லிட்டர். சுத்தம் செய்து குழாயை மாற்றிய பிறகு பக்கெட் 40 நொடிக்குள் நிரம்பிவிட்டால் உங்கள் பிரச்சினை முடிந்தது.

பிறகு ஏன் 3000 என்று போட்ட பம்பு 1000 கொடுத்தால் போதும் என்கிறேன்? பெட்டியின் மேல் போடும் எல்.பி.எச். என்பது பம்பு தண்ணீரை ஓர் அங்குலம்கூட மேலே தூக்காதபோது வரும் அளவு. அதே பெட்டியில் ஓரமாக, சின்ன எழுத்தில் 'எச் மேக்ஸ்' என்று ஒன்று இருக்கும். அந்த உயரத்தில் ஒரு சொட்டுகூட வராது என்று அர்த்தம். எச் மேக்ஸ் 2 மீட்டர் என்றால், ஒரு மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரும். உங்கள் வீட்டில் சம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் விழும் இடம் வரை எப்படியும் நாலடி, அதாவது 1.2 மீட்டர் இருக்கும். அளக்கும்போது பம்பின் அடியிலிருந்து அளக்காதீர்கள், சம்ப் தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து அளங்கள். உங்கள் பம்பின் எச் மேக்ஸும் 2 மீட்டர் என்றால் 3000-இல் 1200 வரை மிஞ்சும், குழாயும் வளைவும் அதில் கொஞ்சம் தின்னும். மிச்சம்தான் தொட்டிக்கு.

எனவே புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உயரத்தைப்போல இரண்டு மடங்கு எச் மேக்ஸ், அதாவது இரண்டரை முதல் மூன்று மீட்டர், 2500 லிட்டர், 40, 45 வாட்ஸுக்குள். தனி ரோட்டர் ஸ்பேர் கிடைக்க வேண்டும். ரோட்டர் கிடைக்காத பம்பு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கடையில் 'சம்ப் மோட்டார்' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் சம்ப் என்றால் தரைத்தொட்டிதான், அரை எச்.பி. மோட்டாரை எடுத்து வைப்பார்கள். மீன் தொட்டி சம்புக்கு என்று சொல்லுங்கள். கோடையில் வரும் ஏர் கூலர் பம்பைத் தொடவே தொடாதீர்கள். அது இரவும் பகலும் வருஷம் முழுக்க ஓடுவதற்குச் செய்ததல்ல, ஒயர் நுழையும் இடம் விட்டுப்போனால் தண்ணீரில் மின்சாரம் பாயும்.

அந்த 5000 பம்பு உங்களுக்கு வேண்டாம். அந்த அளவு ஏ.சி. பம்பு 80, 85 வாட்ஸ் இழுக்கும். 85 வாட்ஸ் இரண்டு மாதம் ஓடினால் 122 யூனிட். 45 வாட்ஸ் என்றால் 65. நமக்கு யூனிட் கூடக்கூட விகிதமும் படி ஏறும் கட்டணம், அதையும் சேர்த்துப் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்பு இழுக்கும் மின்சாரம் கடைசியில் தண்ணீரில் சூடாகத்தான் முடியும். கத்திரி வெயிலில் வேலூர் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுவென்று இருக்கும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அப்புறம், மேலிருந்து சம்புக்கு இறங்கும் குழாய் அவ்வளவு தண்ணீரை வாங்காவிட்டால் ஹால் முழுக்க வெள்ளம்.

ஒரு விஷயம் எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி மட்டும் ஓடும் சீலிங் ஃபேனுக்கு 2023 முதல் ஸ்டார் லேபிள் கட்டாயம். 24 மணி நேரமும் ஓடும் இந்தப் பம்புக்கு அப்படி ஒரு லேபிள் கிடையாது. பெட்டியில் எதை அச்சடித்தாலும் கேட்பாரில்லை. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் சொல்கின்றன. பாதிப் பெட்டிகளில் சீன எழுத்தும் ஒரு மீன் படமும்தான் இருக்கிறது. அதைக் கடையில் அடுக்கி வைக்கும் வரை யாரும் பார்ப்பதில்லை. வாங்கிய நீங்கள்தான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு அலைய வேண்டும். சீனப் பொருள் என்பதற்காக ஒதுக்கச் சொல்லவில்லை, அங்கிருந்து நல்ல பம்புகளும் வருகின்றன. இறக்குமதியாளர் பெயர் இல்லாத பெட்டியை ஒதுக்குங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். 'வாரண்டி நான் பார்த்துக்கறேன் சார்' என்பது வாரண்டி அல்ல.

தொட்டி கழுவ வருபவர் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பம்பு பழுதா என்று சொல்பவரும், புதுசை விற்பவரும், பழசை எடுத்துப்போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு வருஷத்தில் மூன்று பம்பு மாற்றியிருந்தார்கள். பழசு ஒன்றுகூட வீட்டில் இல்லை, 'குப்பையில போட்டுடறேன்' என்று ஆள் எடுத்துப்போயிருக்கிறார். நாலாவது 'செத்த' பம்பை நான் அவர்கள் சமையலறை மேடையில் வைத்துக் கழற்றினேன். வினிகரும் பிரஷ்ஷும் போட்டதும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. அதனால், உங்கள் கண் முன்னால் ரோட்டரைக் கழற்றிக் காட்டாமல் எந்தப் பம்பையும் வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். தொட்டி, சம்ப், பம்பு, லைட் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று யாராவது சொன்னால், பம்பு விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

டி.சி. பம்பு? மின்சாரம் மிச்சம்தான். 45 வாட்ஸுக்குப் பதில் 25 என்றால் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட், வருஷத்துக்கு 175. யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஏ.சி. பம்பைவிட ஐயாயிரம், ஆறாயிரம் அதிகம் கொடுத்தால் போட்ட பணம் திரும்ப ஐந்தாறு வருஷம் ஆகும். ஸ்டாண்டுக்குள் இருக்கும் ஈரத்தில் அதன் கன்ட்ரோலர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) அதுவரை தாங்கினால் அதிர்ஷ்டம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் டி.சி. வாங்கச் சொல்வேன்: வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, மீன்களும் நிறைய இருந்தால். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் கரன்ட் மாலையில்தான் வருகிறது. எட்டு மணி நேரத்துக்கு 45 வாட்ஸ் பம்பு பேட்டரியிலிருந்து 360 வாட் அவர் எடுக்கும், 25 வாட்ஸ் டி.சி. பம்பு 200-தான் எடுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் மிச்சம் இருக்கும். இன்னொன்று, உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவா, ஸ்கொயர் வேவா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவில் ஏ.சி. பம்பு உறுமும், சூடாகும். டி.சி. பம்புக்கு நடுவில் அடாப்டர் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. வேகத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் நேரம் தாங்கும். ஆனால் அப்போதும் கன்ட்ரோலரை ஸ்டாண்டுக்கு வெளியே, சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள். அடாப்டர் தனியாகக் கிடைக்குமா, கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன் கேளுங்கள். இரண்டும் கிடைக்காது என்றால் இன்வெர்ட்டர் இருந்தாலும் வேண்டாம், பேட்டரி ஏர் பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு ஏ.சி. பம்பிலேயே இருங்கள்.

எந்தப் பம்பு மாட்டினாலும், மாட்டிய அன்றே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கரன்ட் போனதும் மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகவே சம்புக்குத் திரும்பும், குழாயின் வாய் வெளியே தெரியும் வரை நிற்காது. அதைத் தாங்க சம்பில் காலி இடம் வேண்டும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கக் குழாயில் போடும் வால்வை நம்பாதீர்கள், ஒரு நத்தை மாட்டினாலும் மூடாது. குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளை போட்டுவிட்டால், மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். மாதம் ஒருமுறை அந்தத் துளையைக் குச்சியால் குத்திவிடுங்கள், பாசி அடைத்துக்கொள்ளும். ஒயர் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த பிளக் வரும் லைனில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்து அளந்த பிறகும் பக்கெட் நிரம்ப ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகிறது என்றால் நொடிக் கணக்கு, பெட்டியில் உள்ள எச் மேக்ஸ், குழாய் அளவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ரோட்டரை மட்டும் மாற்றினால் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.