வாசகர் கேள்வி – பதில்: ஓய்வுபெறும் பயணிகள் ஃபெர்ரிகள்

கேள்வி: பயணிகள் ஃபெர்ரி ஒன்றுக்கு ஓய்வு கொடுப்பது, அது துருப்பிடித்துப் பயனற்றுப் போன பிறகுதானா?

பதில்: பெரும்பாலும் அப்படியில்லை. அரித்துப்போன தகட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைக்கலாம், எஞ்சினைக்கூட மாற்றலாம். ஃபெர்ரிகளின் காலத்தை முடித்துவைப்பவை பல நேரங்களில் பாலங்களும் சுரங்கப் பாதைகளும் புதிய பாதுகாப்பு விதிகளுமே. ஜப்பானில் செய்கன் கடலடிச் சுரங்கம் வழியே 1988 மார்ச் 13 அன்று ரயில்கள் ஓடத் தொடங்கியதும், அமோரிக்கும் ஹகோடடேவுக்கும் இடையே ரயில் பெட்டிகளையும் பயணிகளையும் சுமந்துவந்த ஃபெர்ரிகளின் வழக்கமான சேவை முடிவுக்கு வந்தது.

விதிகள் மாறுவதற்கோ பெரும்பாலும் ஒரு பேரழிவு காரணமாக இருந்திருக்கிறது. 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக் கடலில் ‘எஸ்டோனியா’ ஃபெர்ரியின் முகப்புக் கதவு பெயர்ந்து, வாகனத் தளத்தில் கடல்நீர் புகுந்து, கப்பல் கவிழ்ந்ததில் 852 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் 1996-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, வாகனத் தளத்தில் தண்ணீர் தேங்கினாலும் கவிழாமல் நிற்கும் திறன் ஃபெர்ரிகளுக்கு இருக்க வேண்டும் என்றது. எளிதில் தீப்பற்றும் பொருள்களால் உள்ளறைகள் அமைந்த பழைய பயணிகள் கப்பல்களைச் சர்வதேசப் பயணத்தில் ஈடுபடுத்த 2010 அக்டோபர் முதல் தடை வந்தது. மாற்றியமைக்கும் செலவைக் கணக்கிட்ட உரிமையாளர்கள் பலர், விதிகள் தளர்வாக உள்ள வேறு கடல்களுக்குத் தங்கள் கப்பல்களை விற்றுவிடுகிறார்கள். இது முறையல்ல என்பதே என் உறுதியான கருத்து. ஒரு நாட்டுப் பயணிகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிய கப்பல், இன்னொரு நாட்டுப் பயணிகளுக்கு மட்டும் எப்படி ஆகும்?

கேள்வி: உடைப்பதற்குப் பதிலாக அருங்காட்சியகமாக ஆக்கிவிடலாமே?

பதில்: சிலவற்றை ஆக்கியிருக்கிறார்கள். மேலே சொன்ன ஜப்பானியச் சேவையின் ‘ஹக்கோடா மாரு’ அமோரியிலும் ‘மாஷு மாரு’ ஹகோடடேயிலும் நினைவுக் கப்பல்களாக நிற்கின்றன. ஆனால் நிறுத்திவைத்த கப்பலையும் உப்புநீர் அரித்துக்கொண்டேதான் இருக்கும். அதைத் தாங்கும் நிலையான வருவாய் இல்லாவிட்டால் அன்பு மட்டும் போதாது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 1935 முதல் 1967 வரை ஓடிய ‘கலகாலா’ ஃபெர்ரி, பின்னர் அலாஸ்காவில் கடலுணவு பதப்படுத்தும் ஆலையாக மாறியது. ஆர்வலர்கள் 1998-இல் அதை மீட்டுக் கொண்டுவந்தும் பணம் திரளாமல், 2015-இல் அது உடைக்கப்பட்டது.

கேள்வி: கப்பலை உடைக்கும் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

பதில்: வேலையின் தன்மையை முதலில் சொல்ல வேண்டும். குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் கப்பல்கள் உடைக்கப்படுகின்றன. அங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய பத்து மீட்டர் வேறுபாடு இருப்பதால், ஏற்றம் மிகும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கப்பலை அதன் சொந்த எஞ்சின் விசையிலேயே கரையில் ஏற்றிவிடுகிறார்கள். எரிபொருளை வெளியேற்றி, தொட்டிகளில் தீப்பற்றும் வாயு இல்லை என்று சோதித்துச் சான்று பெற்ற பிறகே கேஸ் கட்டிங், அதாவது வாயுச் சுடரால் எஃகை வெட்டும் வேலை, தொடங்க வேண்டும். எண்ணெய்ப் படிவு எஞ்சியிருக்கும் தொட்டியில் வெட்டும் சுடர் பட்டால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

இரும்பின் எடையைக் கணக்கிட்டுத்தான் கப்பலுக்கு விலை பேசப்படுகிறது. சரக்குக் கப்பலில் பெரும்பகுதி வெற்று எஃகுக் கூடு. ஃபெர்ரியிலோ நூற்றுக்கணக்கான அறைகள், தடுப்புப் பலகைகள், உறையிட்ட குழாய்கள், கணக்கற்ற மின்கம்பிகள். பழைய கப்பல்களின் தடுப்புப் பலகையிலும் எஞ்சின் அறைக் குழாய்களின் உறையிலும் தீத்தடுப்புக்காகக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சேர்க்கப்பட்டிருக்கும். கடப்பாரையால் பெயர்க்கும்போது அதன் நுண்ணிழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். பலகையை முன்கூட்டியே நனைத்து, அறையை அடைத்து, உரிய முகக்கவசத்துடன் பிரித்தெடுத்தால் இந்த ஆபத்தைப் பெருமளவு தவிர்க்க முடியும்.

சட்டம் இருக்கிறது. கப்பல்களைப் பாதுகாப்பாக உடைத்து மறுசுழற்சி செய்வது பற்றி 2009-இல் ஏற்கப்பட்ட சர்வதேச ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2019-இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் இயற்றியது. ஒவ்வொரு கப்பலிலும் அபாயப் பொருள்கள் எவை, எங்கே உள்ளன என்ற பட்டியல் இருக்க வேண்டும் என்பதே உடன்படிக்கையின் மையம். ஆனால் 500 டன் மொத்தக் கொள்ளளவுக்குக் குறைந்த கப்பல்களையும், ஆயுள் முழுவதும் ஒரே நாட்டின் கடல் எல்லைக்குள் ஓடிய கப்பல்களையும் அது நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. தீவுகளையும் கழிமுகங்களையும் இணைக்கும் ஃபெர்ரிகளில் பெரும்பாலானவை இந்த விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே அவற்றுக்கும் அந்தப் பட்டியலை உள்நாட்டு விதிகள் வழியாகவே அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். அதுவும் கப்பலை விற்கும் நாளில் அல்ல, எந்தக் குழாயில் என்ன உறை சுற்றப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த பொறியாளர்கள் இன்னும் அதில் பணியில் இருக்கும்போதே.