பேதுரு எழுந்துபோன பந்தி

அன்புள்ள அக்கா,

ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்கு சுவிசேஷங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொளுத்தச் சொல்கிறார். தப்பித்த ஒரு சுருளில் மகதலேனா மரியாளின் ரகசியம் இருக்கிறது. அதை மறைக்கப் பார்த்தவர் பேதுரு. முதல் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறேன். நான் சபைக்குப் போகிறவன். இப்படி எழுதுவது தேவதூஷணம் ஆகுமா? என்னென்ன படிக்க வேண்டும்?

ம.

அன்புள்ள தம்பி,

சுருளைப் பானைக்குள் இறக்கும் கிழவரின் கைநடுக்கத்தை நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் கோபம் வருகிறது. நிசேயாவில் யாரும் சுவிசேஷங்களைப் பொறுக்கவில்லை. ஆரியஸ் என்ற குரு கிளப்பிய கேள்விக்காக, குமாரன் பிதாவுக்குச் சமமா என்றுதான் அங்கே ஆயர்கள் மோதிக்கொண்டார்கள். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் சொல்லும் பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் 367-இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. இதைக்கூடப் பார்க்காமல் எழுத உட்காரலாமா?

தேவதூஷணக் கேள்வியை விடுங்கள். படிக்க ஒன்று போதும்: பேர் லாகர்க்விஸ்ட் எழுதி, க.நா.சு. தமிழாக்கிய 'அன்பு வழி'. சுவிசேஷத்தில் இயேசுவுக்குப் பதிலாகக் கைதி பரபாஸ் விடுதலையாகிறான், அப்புறம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடத்தில்தான் நாவல் நுழைகிறது.

நீங்கள் ரகசியத்தைத் தேடிப் பானைக்குள் கைவிடுகிறீர்கள். அது கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில், எல்லார் வீட்டு பைபிளிலும் திறந்தே கிடக்கிறது. சுவிசேஷங்கள் எழுதப்படும் முன்பே பவுல் எழுதிய கடிதம் அது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூதர்களும் விலகினார்கள். பவுலின் கூட்டாளி பர்னபாகூட. பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவைக் கேட்டுவிட்டார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் அசனத்தில், அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்தில், தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. எனக்கு ஒன்பது வயது. தாத்தா சோற்றில் பாத்தி கட்டிக் குழம்பு வாங்கியிருந்தார். பக்கத்து இலையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவரும் ஞானஸ்நானம் வாங்கியவர்தான், எங்கள் தெருக்காரர் இல்லை, அவ்வளவுதான். தாத்தா ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துவிட்டார். 'எல்லாரும் ஒண்ணு' என்று ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த அப்பா இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் இலையை மூடினார். பர்னபாவின் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் அந்தக் கைதான் தெரியும்.

தாத்தா கெட்டவர் இல்லை தம்பி. நான் காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் முழங்காலில் நின்று ஜெபித்தவர். பேதுருவை வில்லனாக்கி இரண்டு பக்கத்தில் முடித்திருக்கிறீர்களே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. யாக்கோபின் ஆட்களைப் பார்த்ததும் அவருக்கு வந்த பயம் எப்படிப்பட்டது? ஊர், உறவு, தாய் ஊட்டிய பழக்கம் எல்லாம் சேர்ந்து கையைப் பிடித்து இழுக்கும் பயம் அது. அதை எழுதுங்கள். பவுல் கேட்டதற்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று நிருபத்தில் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் இந்தச் சண்டையே இல்லை. பவுலும் பர்னபாவும் பிரிந்ததற்கு அங்கே சொல்லியிருக்கும் காரணம், மாற்கைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற தகராறு. உங்களுக்கு இதைவிடப் பெரிய இடம் எந்தச் சுருளில் கிடைக்கும்?

அன்று தாத்தாவின் இலையை நான்தான் எடுத்துப் போட்டேன். பக்கத்து இலைக்காரர் தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்தியோகியாவிலும் பேதுரு போன பிறகு பந்தியில் சிலர் மிச்சம் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நிருபத்தில் இல்லை. சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர்களில் ஒருவரிடமிருந்து முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள். எழுதியதும் அனுப்புங்கள், உடனே படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா